அப்பாவின் காலில் 9 தையல்

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் மாட்டுக் கொட்டகையின் கூரைத் தகரத்தைச் சரிசெய்துவிட வேண்டும் என்று அப்பாவுக்கு ஒரே நினைப்பு. ஆள் வரச் சொல்லியிருந்தோம். ஆள் வருவதற்குள் அவரே ஸ்டூலைப் போட்டு ஏறினார். ஆணி கழன்றிருந்த தகரம் சரிந்து, அவர் காலைக் கிழித்துக்கொண்டு கீழே விழுந்தது. முழங்காலுக்குக் கீழே, எலும்பு கைக்குத் தட்டுப்படுமே, அந்த இடத்தில் ஒரு சாண் நீளத்துக்குச் சற்றுக் குறைவான காயம். அப்பாவுக்கு வயது 68. சர்க்கரை வந்து 12 வருடம் ஆகிறது.

நான் கும்பகோணத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். அம்மா போன் செய்து நான் போய்ச் சேர்வதற்குள் காயத்தில் அரை டப்பா காப்பித்தூளைக் கொட்டி, மேலே துண்டைச் சுற்றி வைத்திருந்தார்கள். ரத்தம் நின்றிருந்தது. ஆனால் அந்தக் காப்பித்தூளை எடுக்க மருத்துவமனையில் பட்ட பாடு பெரிது. மரத்துப்போக ஊசி போட்டு, சலைன் பாட்டிலைக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கழுவினார்கள். தையல் போட ஆன நேரத்தைவிடக் கழுவ ஆன நேரம் அதிகம். உள்ளே ஒரு துகள் தங்கினாலும் அதைச் சுற்றிச் சீழ் வைக்கும் என்றார் டாக்டர். காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு, சாம்பல் எதுவும் வெட்டுக்காயத்தில் போடக்கூடாது. குழாய்த் தண்ணீரில் காட்டிக் கழுவிவிட்டு, துவைத்துக் காய்ந்த துணியை மடித்து வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தால் போதும். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைகிற ரத்தமும் துணியோடு பிய்ந்து வந்துவிடும். ரத்தம் பீறிட்டு வருகிறதென்றால் கழுவக்கூட நிற்காமல், அழுத்திப் பிடித்தபடியே கிளம்பிவிட வேண்டும்.

தாமதமும் கூடாது. காலையில் பட்ட காயத்துக்குச் சாயங்காலம் போவோம் என்று நினைக்கிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய. நேரம் கடந்து, அழுக்கும் ஏறிவிட்ட காயத்தை உடனே தைத்து மூடினால் கிருமியை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். அதனால் சில சமயம் திறந்தபடியே வைத்துச் சுத்தம் செய்து, சில நாள் கழித்துத்தான் தைப்பார்கள். அப்பாவுக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விட்டதால் அன்றைக்கே தைக்க முடிந்தது.

டாக்டர் தைப்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஊசி நூலோடு பிழைக்கிறவள் என்பதால் கண் தானாக அங்கே போனது. கறுப்பு நைலான் நூல், அரைவட்டமாக வளைந்த ஊசி. நாங்கள் மெஷினில் ஓட்டுவதுபோல ஒரே நூலாக ஓட்டவில்லை. ஒவ்வொரு தையலுக்கும் தனித்தனி முடிச்சு. முடிச்சு போட்டதும் நூலைக் கத்தரித்துவிடுகிறார். முடிச்சுகள் எல்லாம் காயத்தின் மேலே உட்காராமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றன. “ஏன் சார் ஒவ்வொண்ணா போடுறீங்க?” என்று கேட்டேன். “ஒண்ணு பிரிஞ்சாலும் மத்தது நிக்கும்மா. நடுவுல ஒரு தையலை மட்டும் எடுக்க வேண்டி வந்தாலும் எடுக்கலாம்” என்றார். அது எங்களுக்கே தேவைப்படும் என்று அப்போது தெரியாது.

டெட்டனஸ் வராமல் தடுக்கிற டிடி ஊசியும் போட்டார்கள். கடைசியாக எப்போது போட்டது என்று கேட்டதற்கு எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. துரு பிடித்த இரும்பு குத்தினால்தான் டிடி என்று நினைத்திருந்தேன். துருவில் ஒன்றுமில்லை, மண்ணிலும் சாணத்திலும் இருக்கிற கிருமிதான் காரணம். மாட்டுக் கொட்டகையில் பட்ட காயம் என்றால் கேட்கவே வேண்டாம். பெரியவர்களுக்கு 10 வருடத்துக்கு ஒரு முறை இந்த ஊசி வேண்டும். அழுக்கான காயமாக இருந்து, கடைசி ஊசி போட்டு 5 வருடம் தாண்டியிருந்தால் மறுபடி போடுவார்கள். முன்பு சரியாகத் தடுப்பூசி போடாதவர்களுக்கு அதோடு வேறொரு மருந்தும் தேவைப்படலாம். அதனால் பழைய கதையை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

சீட்டில் 15 நாள் கழித்துத் தையல் பிரிக்க வரச் சொல்லி எழுதியிருந்தது. வண்டியில் ஏறும்போதே அப்பா, “தச்சாச்சு, இனிமே என்ன” என்றார். வீட்டில் எல்லோருக்கும் அதே நினைப்புதான், எனக்கும்கூட. தைத்தது என்றால் இரண்டு ஓரத்தையும் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒட்டவைப்பது உடம்பின் வேலை. அந்த வேலை கெடாமல் பார்த்துக்கொள்வது வீட்டின் வேலை. நான் கடையைப் பூட்டிவிட்டு, அவசரமாகக் கொடுக்க வேண்டிய ரவிக்கைத் துணிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு அப்பா வீட்டுக்கே வந்துவிட்டேன்.

முதல் 48 மணி நேரம் கட்டைத் தொடக்கூடாது, நனைக்கவும் கூடாது. தோலின் இரு ஓரமும் மேலாக ஒட்டி மூடிக்கொள்ள அவ்வளவு நேரம் ஆகிறது. கட்டில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ரத்தக்கறை தெரிந்தால் பயப்பட வேண்டாம். கறை பெரிதாகிக்கொண்டே போனால் மேலேயே இன்னொரு துணியை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். 10 நிமிடம் அழுத்தியும் நிற்காவிட்டால் மருத்துவமனைதான்.

அந்த இரண்டு நாளில் நான் பெரிதாகச் சண்டை போட்டது காலைத் தூக்கி வைக்கச் சொல்லித்தான். அப்பாவுக்குத் திண்ணையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரிடம் பேசாவிட்டால் பொழுது போகாது. தொங்கப்போட்டால் கால் வீங்கும். வீங்கினால் தோல் இழுபடும், தையல் சதைக்குள் அறுத்துக்கொண்டு இறங்கும். இறுக்கமான ரவிக்கையில் தையல் எப்படித் துணியை அறுக்கிறது என்று எனக்குத் தெரியும். கயிற்றுக் கட்டிலைத் திண்ணைக்கே தூக்கிக்கொண்டு போய்ப் போட்டு, காலுக்கு இரண்டு தலையணை அடுக்கி, நெஞ்சுக்கு மேலான உயரத்தில் வைத்தோம். படுத்தபடியே ஊர்க்கதை பேசினார். கழிவறைக்கு நடக்கலாம், வீட்டுக்குள் நாலு எட்டு வைக்கலாம். அசையாமலே கிடப்பதும் நல்லதில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். நடந்து முடித்ததும் கால் மறுபடி தலையணைக்கு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

வலிக்கு டாக்டர் எழுதிய பாராசிட்டமால் போதுமானதாக இருந்தது. பக்கத்து வீட்டுத் தம்பி அக்கறையாக ஒரு வலி மாத்திரை அட்டை வாங்கிவந்து கொடுத்தான். நான் கொடுக்கவில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு, வயதானவர்களுக்குச் சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். கடையில் கேட்டு வாங்குவது வேண்டாம்.

வெள்ளிக்கிழமை காலையில் முதல் முறையாகக் கட்டைப் பிரித்தேன். எப்படிச் செய்வது என்று மருத்துவமனையில் சிஸ்டர் சொல்லிக் கொடுத்திருந்தார். அவர் சொன்னதில் முக்கால் பங்கு என் கையைப் பற்றியதுதான். நகம் வெட்டியிருக்க வேண்டும், மோதிரமும் வளையலும் கழற்றி வைக்க வேண்டும், சோப்பு போட்டு விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு வரை தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவின கையால் போனை எடுத்தால் மறுபடி கழுவ வேண்டும். சாமான்களை முன்னாலேயே வெட்டி, பிரித்துத் தயாராக வைத்துக்கொண்டுதான் கட்டில் கை வைக்க வேண்டும். பாதியில் கத்தரிக்கோல் தேடி அலமாரியைத் திறந்தால் அதுவரை கழுவினது வீண்.

காஸ் துணி காயத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வெடுக்கென்று இழுத்தால் புதிதாக மூடிய தோலும் சேர்ந்து வரும். கொதிக்கவைத்து ஆறின தண்ணீரை விட்டு, இரண்டு மூன்று நிமிடம் ஊறவிட்டேன். தானாகக் கழன்றது. உள்ளே 9 கறுப்பு முடிச்சு. காயத்தின் கோடு லேசாக மேடு தட்டியிருந்தது. தையல் நுழைந்த துளைகளைச் சுற்றி மெல்லிய சிவப்பு. ஒன்றிரண்டு இடத்தில் தெளிவான நீர் துளிர்த்திருந்தது. இதெல்லாம் முதல் சில நாளில் இருக்கக்கூடியதுதான். நனைத்த காஸால் காயத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்தேன். ஒரு துண்டு ஒரு தடவைக்குத்தான், திருப்பி வைத்துத் துடைக்கக்கூடாது. பிறகு தேய்க்காமல் ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுத்து, புதுக் காஸ் வைத்து, காகிதப் பிளாஸ்திரியைக் குறுக்காக மட்டும் ஒட்டினேன். காலைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் தடைப்படும். பாதம் சில்லிட்டாலோ, விரல் நிறம் மாறினாலோ உடனே தளர்த்த வேண்டும். பஞ்சை நேரடியாகக் காயத்தில் வைப்பதும் தவறு. பஞ்சின் இழை தையல் முடிச்சில் சிக்கிக்கொள்ளும்.

ஸ்பிரிட், நுரை வருமே அந்த பெராக்சைடு, தண்ணீர் கலக்காத டெட்டால் எல்லாம் கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளர்கிற தோலையும் பொசுக்கிவிடும். எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்ற நினைப்பு நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. சுத்தமான தண்ணீரும் சோப்புக் கையும் போதும். மருந்துக்கடைப் பவுடரைத் தூவினால் அது ஈரத்தில் கட்டிப்பட்டுப் பொருக்காகி, அடியில் என்ன நடக்கிறது என்பதை மறைத்துவிடும். களிம்பும் பெட்டாடினும் டாக்டர் சொன்னால் மட்டும், சொன்ன நாள் வரைக்கும்.

மறுநாள் சனிக்கிழமை. நான் கும்பகோணத்துக்கு ஒரு ரவிக்கை கொடுக்கப் போயிருந்தேன். அப்பாவுக்குச் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்காவிட்டால் உடம்பு கனக்கும். மூன்று நாளாகக் குளிக்கவில்லை வேறு. அம்மா தடுத்தும் கேட்காமல், காலில் கேரி பேக்கைச் சுற்றி மேலும் கீழும் ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்து குளித்திருக்கிறார். எண்ணெயும் சீயக்காய்த் தண்ணீரும் பைக்குள் இறங்கியிருக்கிறது. சொன்னால் திட்டுவேன் என்று ஈரக் கட்டோடேயே சாயங்காலம் வரை இருந்துவிட்டார்.

பிரித்துப் பார்த்தபோது காயத்தைச் சுற்றி விரல்கடை அகலத்துக்குத் தோல் வெளுத்து, ஊறிச் சுருங்கியிருந்தது. நாள் முழுக்கத் துணி துவைத்த கைவிரல் மாதிரி. ஊறின தோலுக்கு பலம் கிடையாது. கிருமி சுலபமாக நுழையும். கட்டு நனைந்துவிட்டால் அந்த நிமிடமே மாற்றிவிட வேண்டும். அதைவிட முக்கியமாக, நனைந்துவிட்டது என்று பெரியவர்கள் பயமில்லாமல் வந்து சொல்லும்படி நாம் நடந்துகொள்ள வேண்டும். இதில் என் மேலும் தப்பு இருக்கிறது. முந்தின இரண்டு நாளும் நான் போட்ட சத்தத்தில்தான் அவர் மறைத்தார்.

48 மணி நேரம் கழித்து, டாக்டர் சரி என்றால், சோப்பு நுரையும் தண்ணீரும் காயத்தின் மேலே ஓடும்படி சொம்பால் ஊற்றிச் சட்டென்று குளித்துவிட்டு, உடனே ஒற்றி உலர்த்திப் புதுக்கட்டு போடலாம். தண்ணீர் பட்டுப் போவதில் கெடுதல் அதிகமில்லை. ஊறுவதுதான் கெடுதல். குளம், ஆறு, கிணற்று நீச்சல் எதுவும் தையல் பிரித்துக் காயம் நன்றாக மூடும்வரை கூடாது. இதை முதலிலேயே அப்பாவுக்கு விளக்கியிருந்தால் கேரி பேக்குக்கு வேலையே வந்திருக்காது.

ஞாயிறு காலையில் நாலாவது, ஐந்தாவது தையலைச் சுற்றிச் சிவப்பு கூடியிருந்தது. “வலிக்குதாப்பா?” என்று கேட்டேன். “இல்லம்மா, இப்பதான் சுத்தமா வலிக்கல” என்றார். அந்தப் பதிலில் நிம்மதி அடைந்திருப்பேன். நல்லவேளையாக சிஸ்டர் சொன்னது ஞாபகம் வந்தது: சிவப்பு தெரிந்தால் அதன் ஓரத்தைப் பேனாவால் வரைந்து வையுங்கள். நீல பால்பாயிண்ட் பேனாவால் சிவப்பின் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் மணியும் எழுதினேன். போனில் படம் எடுத்துக்கொண்டேன். திங்கள் காலை சிவப்பு அந்த நீலக் கோட்டைத் தாண்டி ஒரு விரல்கடை வெளியே வந்துவிட்டது. கை வைத்தால் அந்த இடம் மட்டும் சுட்டது. இரண்டு தையலுக்கு நடுவே மஞ்சளாக ஒரு புள்ளி. அத்தை வந்து, “தம்பி, தொடையிடுக்குல நெறி கட்டியிருக்கா பாரு” என்றார். தொட்டுப் பார்த்தால் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி.

அத்தை சொன்ன எத்தனையோ விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இது அனுபவத்தில் விளைந்த உண்மை. காலில் கிருமி ஏறினால் அரையில் நெறி கட்டும். கையில் என்றால் அக்குளில். கிருமியைத் தடுக்க உடம்பு அங்கே போராடுகிறது என்று அர்த்தம்.

அவ்வளவு நடந்தும் அப்பாவுக்கு வலி இல்லை. வருடக்கணக்கில் சர்க்கரை இருப்பவர்களுக்குக் கால் நரம்புகள் மெல்ல மரத்துப்போகின்றன. முள் குத்தினது தெரியாது, செருப்பு கடித்தது தெரியாது, தையல் சீழ் வைத்ததும் தெரியாது. சர்க்கரை இல்லாதவர்களுக்கு மூன்றாம் நாளுக்குப் பிறகு வலி குறையாமல் கூடினால், விண் விண்ணென்று தெறித்தால், அதுவே முதல் எச்சரிக்கை. எங்கள் அப்பா மாதிரி ஆட்களுக்கு அந்த எச்சரிக்கை வராது. அவர்களிடம் வலிக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போகக்கூடாது. கட்டைப் பிரித்துக் கண்ணால் பார்க்க வேண்டும், தினமும், வெளிச்சத்தில், அதே நேரத்தில். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததே இதுதான்.

மருத்துவமனையில் டாக்டர் அந்த இரண்டு தையலை மட்டும் எடுத்துவிட்டு, சீழை வெளியேற்றினார். சீழ் வெளியே வர வழி வேண்டும். மேலே மூடி வைத்துவிட்டு எத்தனை மாத்திரை போட்டாலும் பிரயோஜனம் குறைவு. மீதி 7 தையலும் அசையாமல் நின்றன. தனித்தனி முடிச்சின் அருமையை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். சர்க்கரையைப் பரிசோதித்தால் 260க்கு மேல். ஆன்டிபயாடிக்கை மாற்றி எழுதிக் கொடுத்தார். மூன்று நாளில் சிவப்பு வடிந்ததும் அப்பா மாத்திரையை நிறுத்தப் பார்த்தார். சரியாகிவிட்டதுபோலத் தெரிகிறது என்பதற்காக நாமாக நிறுத்தக்கூடாது. எழுதிக்கொடுத்த நாள் முழுக்க முடிக்க வைத்தேன்.

பிரிந்த அந்த இடம் அடியிலிருந்து சதை வளர்ந்து தானாக மேலே வரட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஊரில் வந்து பார்த்தவர்கள் எல்லாம், “காத்தாட விடும்மா, காய்ஞ்சாதான் ஆறும்” என்றார்கள். நானும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தவள். டாக்டரிடம் கேட்டபோது, 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றிகளின் தோலில் செய்து பார்த்த சோதனையைச் சொன்னார். மூடி, லேசான ஈரப்பதத்தோடு வைத்த காயங்கள், காய்ந்து பொருக்குத் தட்டிய காயங்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் தோல் மூடினவாம். பொருக்குக்கு அடியில் புதுத்தோல் குடைந்துகொண்டு வர வேண்டியிருக்கிறது. ஈரத்தில் சுலபமாக நகர்கிறது. அதனால் மூடியே வைத்தோம். கிராமத்தில் மூடி வைப்பதற்கு இன்னொரு காரணம் ஈ. கொட்டகை பக்கத்திலேயே இருக்கிற வீட்டில் திறந்த புண்ணை வைத்துக்கொண்டு உட்காரவே கூடாது.

இனி சாப்பாடு. அத்தை முதல் நாளே பத்தியப் பட்டியல் போட்டுவிட்டார்: கத்தரிக்காய் ஆகாது, முட்டை ஆகாது, மீன் கருவாடு கிட்டவே வரக்கூடாது, பருப்புகூடச் சீழ் வைக்கும். அவர் சொன்னபடி போனால் அப்பாவுக்கு ரசம் சாதம்தான் மிச்சம். அரிசி மட்டும் தின்றால் சர்க்கரை ஏறும். சர்க்கரை ஏறினால் புண் ஆறாது. புதுச் சதை வளரப் புரதம் வேண்டும். அதை உறுதியாகப் பின்னுவதற்கு வைட்டமின் சி வேண்டும். அத்தையைக் கூட்டத்தோடு கூட்டமாக மறுத்துப் பேசாமல், தனியாக உட்காரவைத்து, “டாக்டரே முட்டை எழுதிக் குடுத்திருக்காரு அத்தை” என்று சீட்டைக் காட்டினேன். படித்துப் பார்த்தார். “டாக்டர் சொன்னா சரி” என்றார். கத்தரிக்காயை அவருக்காக நிறுத்தினோம். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. கருவாட்டையும் நிறுத்தினோம், அப்பாவுக்கு ரத்த அழுத்தமும் இருப்பதால் உப்பு குறைந்தது. காலையில் ஒரு முட்டை, மதியம் கட்டியாகப் பருப்பு அல்லது ஆற்று மீன் குழம்பு, சாயங்காலம் சுண்டல், நடுவில் ஒரு நெல்லிக்காய் அல்லது பாதி கொய்யா. சோற்றின் அளவைக் குறைத்துக் காயைக் கூட்டினேன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தை எவ்வளவு சேர்க்கலாம் என்று மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பீடியும் நின்றது. புகை ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. காயத்துக்குப் போக வேண்டிய ரத்தம் குறைகிறது. 40 வருடப் பழக்கத்தை விடச் சொன்னால் அவர் விடமாட்டார். “தையல் பிரிக்கிற வரைக்கும்பா” என்றுதான் கேட்டேன். அதற்குக் கட்டுப்பட்டார்.

எட்டாம் நாளிலிருந்து அரிப்பு. ராத்திரி தூக்கத்தில் கை தானாகக் காலுக்குப் போகும். அரிப்பது ஆறுவதன் ஒரு பகுதிதான், ஆனால் சொறிந்தால் போயிற்று. நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு, படுக்கும்போது கட்டின் மேல் தளர்வாக ஒரு பழைய பருத்தித் துணியைச் சுற்றிவிட்டேன். அரிக்கிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி உள்ளங்கையால் அழுத்திக் கொடுத்தால் அடங்குகிறது. அரிப்போடு சிவப்பும் சூடும் கூடினால் மட்டும் அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டும்.

தையலை எத்தனை நாளில் பிரிக்க வேண்டும் என்பது இடத்தைப் பொறுத்தது. முகத்தில் ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் 5 நாள் வாக்கில் எடுத்துவிடுவார்கள். தலையிலும் கையிலும் 7 முதல் 10 நாள். கால், மூட்டு என்றால் 10 முதல் 14 நாள். சர்க்கரை இருந்தால் இன்னும் கொஞ்சம் தள்ளலாம். முன்னாலேயே பிரித்தால் காயம் வாய் திறக்கும். மறந்துபோய் விட்டுவிட்டால் நூல் போன தடம் ஏணிப்படி மாதிரி தழும்பாக நின்றுவிடும். சில தையல்கள் தானே கரையும் நூலால் போடப்படும், பிரிக்கத் தேவையில்லை. எந்த நூல் போட்டார்கள், எப்போது வர வேண்டும் என்று கிளம்பும்போதே கேட்டு, சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பிளேடால் வீட்டிலேயே பிரித்துக்கொள்கிறவர்கள் உண்டு. சிஸ்டர் பிரித்த விதத்தைப் பார்த்தால் ஏன் வேண்டாம் என்கிறேன் என்று புரியும். முடிச்சைச் சிமிட்டாவால் லேசாகத் தூக்கி, தோலை ஒட்டியே ஒரு பக்கம் கத்தரித்தார். பிறகு காயத்தின் பக்கமாகச் சாய்த்து இழுத்தார். இத்தனை நாள் வெளியே அழுக்குப் பட்டுக் கிடந்த நூல் ஒரு நூலிழை அளவுகூடச் சதைக்குள் நுழைந்து வராதபடி அந்த வெட்டு. எதிர்ப்பக்கம் இழுத்தால் ஓரங்கள் பிரிந்துவிடும். முதலில் ஒன்று விட்டு ஒன்றாக எடுத்து, வாய் திறக்கவில்லை என்று பார்த்த பிறகுதான் மீதியை எடுத்தார். எடுத்த நூல்களை எண்ணி, முன்னால் எடுத்த இரண்டோடு சேர்த்து 9 சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். குறுக்காக ஒட்டுப்பட்டைகள் ஒட்டி, அவை தானாக உதிரும்வரை பிய்க்க வேண்டாம் என்றார்.

தையல் பிரித்த அன்று சாயங்காலமே அப்பா மண்வெட்டியைத் தேடினார். வெளியே மூடிவிட்டதே தவிர, இரண்டு வாரத்தில் அந்த இடத்துக்குப் பழைய தோலின் பலத்தில் சிறு பங்குதான் வந்திருக்கும். மூன்று மாதம் போனால் ஐந்தில் நாலு பங்கு வரை வரலாம். முழுசாக ஒருநாளும் வராது. அதனால் ஆறு வாரத்துக்கு வயல் வேலை, சைக்கிள், பாரம் எல்லாவற்றுக்கும் தடை போட்டோம். சீழ் வைத்த அந்த இடம் மூட மேலும் மூன்று வாரம் ஆயிற்று. முழுக்க மூடிய பிறகு தேங்காய் எண்ணெய் தொட்டு மெதுவாக நீவிவிட்டேன். தழும்பு சிவந்து, பிறகு கறுத்து, நிறம் அடங்க ஒரு வருடம்கூட ஆகலாம். அதுவரை வெயில் படாமல் மூடி வைப்பது நல்லது. சிலருக்குத் தழும்பு காயத்தைவிடப் பெரிதாகத் தடித்து வளரும். அப்படி வளர்ந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சிவப்பு பரவுதல், சீழ், கெட்ட வாடை, 100 டிகிரிக்கு மேல் ஏறும் காய்ச்சல், காயத்திலிருந்து மேல்நோக்கி ஓடும் சிவப்புக் கோடு, தையல் விட்டுக் காயம் வாய் திறப்பது, விரல் மரத்துப்போவது, தாடை இறுகி வாய் திறக்க முடியாமல் போவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். போவதா வேண்டாமா என்று குழப்பமாக இருந்தால் 104க்குப் போன் செய்து கேட்கலாம். தாடை இறுகினாலோ, ஆள் சோர்ந்து விழுந்தாலோ யோசிக்காமல் 108.

அப்பா வீட்டில் இப்போது ஒரு எவர்சில்வர் டப்பா இருக்கிறது. அதில் காஸ், காகிதப் பிளாஸ்திரி, ஒரு சின்னக் கத்தரிக்கோல், புது சோப்பு, நீல பேனா. மூடியின் உட்புறம் அப்பா, அம்மா, அத்தை மூவருக்கும் டிடி போட்ட தேதியை எழுதி ஒட்டியிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர் கடைசியாக அந்த ஊசியை எப்போது போட்டுக்கொண்டார் என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள். தெரியவில்லை என்று சொன்னால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய்ப் போட்டுவிடுங்கள்.